துண்டுக்குள் கை

எங்கள் கூட்டத்தில் யாரும் 'ஆனால்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கையால் புத்தகம் செய்கிற நாலு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் செய்ததை மற்றவர் வாங்கிப் பார்த்துப் பேசவேண்டும் என்று ஆரம்பித்த கூட்டம் அது. ஏடு வட்டம் என்று பேர். பேச வேண்டியது விமர்சனம். நடந்ததெல்லாம் வளைகாப்பு வீட்டு விசாரிப்பு. வருவார்கள், புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், அருமை என்பார்கள், டீ குடிப்பார்கள், பஸ் ஏறுவார்கள்.

நான் புத்தகம் செய்கிறவன் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் பழனிவேல் பேப்பர் ஸ்டோர் என்று ஒரு போர்டு தொங்குமே, அந்தப் பழனிவேல். இவர்கள் கேட்கிற காகிதத்தை எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுப்பேன். அந்த உரிமையில் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. பக்கத்துக் கடை ஷிஃபா பைண்டிங் ஒர்க்ஸ். ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவருகிற தீசிஸுக்கு ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்துக் கொடுக்கிற கடை. நடத்துகிறவர் அஷ்பாக். கடைக்கு மேலே அவர் வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. அவர் மனைவி முபீனா அச்சடிப்பதும் அங்கேதான், நாங்கள் கூடிக் கூடிக் கலைவதும் அங்கேதான்.

முபீனாவுக்கு லால்பேட்டை. அஷ்பாக் அவளுக்குத் தாய்மாமன் மகன். கல்யாணமான மறு வருஷமே அவர் தம்மாமுக்குப் போய்விட்டார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. எப்போதாவது வருவார், பெட்டி நிறைய சாமான் இறக்குவார், எல்லோரும் பிரித்துப் பார்த்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். மகள் ஷிஃபானா தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவர் போனில் பார்த்ததுதான். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊர் திரும்பி, வாலிபத்தில் கற்ற தொழிலையே மறுபடி கையில் எடுத்தார். வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் ரொம்ப மோசம். கடையில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாது, அப்படி ஓர் அமைதி. முபீனாவின் புத்தகத்தை "நானே கட்டித் தர்றேன்" என்று எடுத்துக்கொண்ட பிறகுதான் மனுஷன் முகத்தில் ரத்தம் ஓடியது. என் கடைக்கு வந்து ரெக்சின் சாம்பிளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாட்டுகூடப் பாடினார் ஒருநாள்.

அன்றைக்கு எங்கள் வாயெல்லாம் அடைத்துப் போனதற்கு இதுதான் காரணம்.

புத்தகத்தின் பேர் 'நடுவில் கடல்'. ஒவ்வொரு தாளிலும் உள்பக்கம் மட்டும்தான் அச்சு, விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். இடது ஓரத்தில் ஒரு பெண். வலது ஓரத்தில் ஓர் ஆண். இடையில் நீலமும் கறுப்புமாகக் கடல். நட்டநடுவில், இரண்டு பக்கமும் கூடுகிற மடிப்பில், ஒரு குழந்தை. யாருக்கும் முகம் கிடையாது, முபீனா முகம் வரைவதில்லை. தாள் திருப்பத் திருப்பக் குழந்தை வளரும். ஓரத்து இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

அவள் அச்சடிக்கிற விதம் ஒரு மாதிரிப் பிடிவாதமானது. ரப்பர் மாதிரி இருக்கிற ஒரு லினோ தகட்டைச் செதுக்கி முதலில் இளநீலம் அடிப்பாள். அதே தகட்டை மேலும் செதுக்கி அடுத்த நீலம். இன்னும் செதுக்கிக் கறுப்பு. கறுப்பு ஏறும்போது முதல் நிறத்துக்கான தகடு செதுக்குச் சக்கையாகக் குப்பைக்கூடையில் கிடக்கும். தவறிப்போய் ஒரு தாள் கெட்டால் திரும்ப அடிக்க வழி இல்லை. இருபது பிரதிக்குத் தாள் அடித்தாள், அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு கண்காட்சிக்கு இருபதையும் கேட்டிருந்தார்கள். அஷ்பாக் ஒரு பிரதியைக் கட்டி முடித்துவிட்டார். மற்றதெல்லாம் மடித்து, மேலே கருங்கல் பாரம் ஏற்றி, கீழே கடையில் காத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அத்தனைக்கும் ட்ரில் போட்டுத் தைக்கப்போகிறார். நாங்கள் கூடியது ஞாயிற்றுக்கிழமை.

ஆனி மாத வெயில். காற்றே இல்லை. ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் அவிகிற பருப்புக்கு என்ன கஷ்டம் என்று தெரியும். தேவநாதன் பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறான். வீடு திருவதிகையில். நீளத் தாளை விசிறி மாதிரி மடித்து மடித்து மண்டிக் காட்சிகளைப் புத்தகமாகச் செய்வான். அன்றைக்கும் ஒரு பழத்தைத் தோளில் சுமந்துகொண்டுதான் படியேறினான். முபீனா இறால் வடை சுட்டு வைத்திருந்தாள். சுளையும் வடையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்களே முதலில் சாப்பிட்டார்கள்.

புத்தகம் கைக்குக் கை வந்தது. மெரூன் ரெக்சின். தங்க எழுத்து. அஷ்பாக் டீத் தட்டோடு வாசற்படியில் நின்று, யார் கையில் புத்தகம் இருக்கிறதோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்மணி சார்தான் முதலில் வாங்கினார். கடலூரில் பள்ளி ஓவிய ஆசிரியர். எழுத்தை எழுதி எழுதியே பக்கம் நிரப்பிப் புத்தகம் செய்கிறவர். பெரிய மனசு. அந்தப் பெரிய மனசுதான் எங்கள் கூட்டத்துக்குச் சனியன்.

"அற்புதம்மா. கையில எடுத்தாலே ஒரு கனம். கனம்னா நான் வெயிட்ட சொல்லல."

வினோதினியும் கடலூர்தான். பால்வாடிக் குழந்தைகளுக்குத் தடித்த அட்டையில் படப்புத்தகம் செய்கிறவள். அவள் புத்தகத்தைத் திறந்தாள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் திறந்து நின்றது. ஒரு கையை எடுத்தாள், எலிப்பொறி மாதிரி மூடிக்கொண்டது.

"கோல்டு ஃபாயில் செமையா உக்காந்திருக்குக்கா" என்றாள்.

"பத்து வெள்ளம் வந்தாலும் தாங்கும் பாய்" என்றான் தேவநாதன்.

என் முறை வந்தது. திறந்து பார்த்தேன். குழந்தையைக் காணோம். அது இருக்கவேண்டிய இடத்தில் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கால். மிச்ச உடம்பு முழுவதும் தையலுக்குள் போயிருந்தது. தீசிஸ் கட்டுகிற பழக்கம் அது. ஓரத்தில் அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேலிருந்து கீழ் வரை துளை போட்டு, முரட்டு நூலால் இறுக்கித் தைத்துவிடுவது. தீசிஸில் அந்த அரை அங்குலம் வெற்றிடம். யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே அந்த அரை அங்குலத்தில்தான் பிள்ளை நிற்கிறது.

"காகிதம் நல்லா வந்திருக்கும்மா" என்றேன். என் சரக்கை நானே மெச்சிக்கொண்டேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அஷ்பாக் சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார். முபீனா டீயை எடுக்கவில்லை.

"எல்லாரும் சொல்லி முடிச்சிட்டீங்களா" என்றாள். "போன மாசம் வினோதினி கொண்டாந்ததுக்கும் இதத்தான் சொன்னோம். அதுக்கு முன்ன மாசம் தேவநாதண்ணே கொண்டாந்தாங்க. பசை வுட்டுப்போயி தாளு கழண்டு கீழ வுழுந்துச்சி. அப்பவும் அருமைன்னுதான் சொன்னோம்."

"வுழுந்தத பொறுக்கிக் குடுத்துட்டு அருமைன்னாரு நம்ப சாரு" என்று தேவநாதன் சிரித்தான்.

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு நாளைக்குக் காலைல வரைக்கும்தான் டைம். ட்ரில் எறங்கிட்டா எறங்குனதுதான். அதுக்கப்பறம் நீங்க என்னா சொன்னாலும் அது புதுச்சேரிக்குப் போறப்ப பஸ்ஸுல பேசிக்கிற பேச்சு. எனக்கு இன்னிக்கே வேணும். நல்லது வேணாம், மத்தது சொல்லுங்க."

தமிழ்மணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வினோதினி பலாக்கொட்டைகளை ஒரு தாளில் குவித்துக்கொண்டிருந்தாள். அஷ்பாக் அதே படியில், காலி டம்ளர்களோடு.

தேவநாதன்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"மூஞ்சிக்கு நேரா சொல்ல வரலன்னா மண்டில ஒரு வழி வச்சிருக்கோம். ரேட்ட வாயால சொல்றதில்ல. துண்டுக்குள்ள கையப் போட்டு, விரலப் புடிச்சி சொல்லிடறது. வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும்தான் தெரியும், பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. யாருக்கும் மானம் போவாது. இப்ப அதையே செய்யலாம். புத்தகம் இப்பிடியே இருக்கட்டும்னா கைய விரிச்சி வச்சிருங்க. பிரிச்சிக் கட்டணும்னா ஒரு விரல மடக்குங்க. யாரு மடக்குனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எத்தினின்னு மட்டும் சொல்றேன்."

முபீனா சரி என்றாள். அஷ்பாக்கும் தலையை ஆட்டினார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார் போல.

தேவநாதன் மண்டி முகத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தான். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. துண்டுக்கடியில் பலாப்பால் காய்ந்த பிசுபிசுப்போடு அவன் கை காத்திருந்தது. மடக்கத்தான் போனேன். படியில் அஷ்பாக் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கடைக்கு வந்து ரெக்சினைத் தடவிக்கொண்டு அவர் பாடிய பாட்டு ஞாபகம் வந்து தொலைத்தது. விரல் மடங்கவில்லை.

சுற்றி முடித்து, தேவநாதன் துண்டைச் சுருட்டினான்.

"மூணு கையும் விரிச்ச கைதான். என்னுதும் சேத்து நாலு."

முபீனா அவனை நேராகப் பார்த்தாள். "மண்டில இப்பிடி நடக்குமாண்ணே?"

"நடக்காது. அங்க கை போடறவனுக்குப் பழம் வேணும். பொய் ரேட்டு சொன்னா பழம் கையவுட்டுப் போயிடும். இங்க யாருக்கு என்னா போவுது? சோறு போட்ட வூட்டுல நல்ல பேரோட எறங்கிப் போனா போதும்னு கெடக்கிறோம்."

"எனக்குப் போவுது" என்றாள் முபீனா.

எழுந்து வந்து அவன் கையிலிருந்து துண்டை வாங்கினாள். வாசற்படிக்குப் போனாள். அஷ்பாக் கையிலிருந்த டம்ளர் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கையக் குடுங்க மச்சான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் நீட்டினார். அவள் துண்டைப் போர்த்தினாள். துண்டு இரண்டு தடவை அசைந்தது, நின்றது. எங்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அவர் சிரிப்பு நின்றது மட்டும் தெரிந்தது. கையை அவர் உதறவில்லை. அவளும் விடவில்லை. 

"ஏன்?" என்றார் அஷ்பாக்.

"இத விரலால சொல்ல முடியாது." துண்டை எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். "இதுல புள்ள எங்க மச்சான்?"

அவர் பார்த்தார். "உள்ள இருக்கா."

"உள்ள இருக்கான்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். புதுச்சேரியில தொறந்து பாக்கறவங்களுக்கு?"

"கொஞ்சம் உள்ள போவும்னு தெரிஞ்சிதான் போட்டேன்."

இதை அவர் சொல்லுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் தைத்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு மடிப்புல தைக்கத் தெரியாதா? சின்னப் புள்ளைங்க நோட்டெல்லாம் அப்பிடித்தான் தைக்கிறேன். அப்பிடித் தைச்சா நல்லா மல்லாந்து தொறக்கும், தெரியும். ஆனா ஊசி எங்க எறங்கும்? நட்டநடு மடிப்புல. அங்க யாரு நிக்கிறா? கைக்கொழந்தையா இருக்கறப்ப ஒரு குத்து. தவழறப்ப ஒரு குத்து. ஸ்கூலுக்குப் போறப்ப ஒரு குத்து. ஊசியில நூலக் கோத்து வச்சிகிட்டு ஒரு நாள் பூரா கடையில உக்காந்திருந்தேன். கை எறங்கல. அதான் தள்ளிப் போட்டேன்."

"படம்தானே பாய்" என்றார் தமிழ்மணி சார், சமாதானமாக.

"உங்களுக்குப் படம் சார். நான் அவள படத்துலதான பாத்தேன், அத்தினி வருஷமும்."

அந்த நேரம் பார்த்து ஷீட்டின் மேல் ஒரு துளி, ரெண்டு துளி, பிறகு மொத்தமாகக் கொட்ட ஆரம்பித்தது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வருகிற ஆனி மாத மழை. முபீனா எழுந்து வெளியே கொடியில் காயப்போட்டிருந்த சோதனை அச்சுத் தாள்களைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தாள். நாங்களும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தோம். பஸ்ஸுக்குப் போகிறேன் என்று யாரும் எழுந்திருக்க முடியாது இனி.

மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வினோதினிதான் முதலில் பேசினாள்.

"நான் கைய விரிச்சது பொய்ண்ணா. புத்தகத்தத் தொறக்கவே முடியல. எங்க பால்வாடிப் புள்ளைங்க கையில குடுத்தா இதத் தூக்கிப் போட்டுடும். ஃபாயில் நல்லா இருக்குன்னு சொன்னேன் பாருங்க, சொல்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கல."

"இத அப்பவே சொல்றதுக்கு என்னாம்மா?" என்றார் அஷ்பாக்.

"நீங்க அங்க டீ தட்டோட நிக்கிறீங்க. எப்பிடி சொல்றது?"

அதன் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. ரெக்சினே தப்பு என்றான் தேவநாதன், உள்ளே கடல், வெளியே பார்த்தால் கோர்ட்டுக் கட்டு மாதிரி இருக்கிறது என்றான். ரெக்சின் இல்லாவிட்டால் ஈரம் தாங்காது என்று அஷ்பாக் ஒரே பிடியாக நின்றார். "நீ பழம் விக்கிற, அது அழுவிப் போறதுக்குள்ள கைமாத்திடற. நான் கட்டறது பீரோவுல அம்பது வருஷம் கெடக்கணும்." அட்டை தடிமனைப் பற்றி ஒரு சண்டை. காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு என்னை வளைத்துக்கொண்டார்கள், நானும் கோபத்தில் கடைக்கு இறங்கி நனைந்துகொண்டே ஒரு தாளைக் கொண்டுவந்து கிழித்துக் காட்டினேன். இத்தனை மாதமாக இவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தும் மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. முபீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி.

நடுவில் அஷ்பாக் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் என் தையலையே பேசறீங்க. படத்தப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் பேசலாமா? நான் உங்க வட்டத்துல ஆளு இல்ல, டீ குடுக்கறவன்."

"பேசுங்க" என்றாள் முபீனா.

அவர் கடைசித் தாளைத் திறந்தார். "இது கடைசி. புள்ள பெரிசாயிட்டா. நான் எங்க நிக்கிறேன்? மொதல் தாளுல நின்ன அதே எடத்துல. நான் வந்து மூணு வருஷம் ஆச்சி முபீனா. கீழதான இருக்கேன். என்னைய ஏன் இன்னும் கடலுக்கு அந்தாண்டயே நிக்க வச்சிருக்க?"

தமிழ்மணி சார் அவசரமாகக் குறுக்கிட்டார். "வுடுங்க பாய், அது குடும்ப விஷயம், அப்பறமா பேசிக்கலாம்."

"குடும்ப விஷயம் இல்ல சார், புத்தக விஷயம்" என்றாள் முபீனா. "அப்பறம்னு ஒண்ணு கெடையாது." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்துட்டீங்க. எனக்குத் தெரியுது. ஆனா நீங்க கீழ கடையில இருக்கறப்ப, எனக்கு மேல சாயங்காலம் அசர் தொழுவ முடிச்சதும் போன் எங்கன்னு கை தேடுது. இப்பதான தம்மாமுல சாப்பாட்டு நேரம், கூப்புடுவீங்கன்னு. அந்தத் தாளு செதுக்கறப்ப உங்கள கிட்டக்க கொண்டாந்து வைக்கத்தான் பாத்தேன். பொய்யா இருந்துச்சி. கை வரல."

இப்படி ஒரு பதிலை நாலு பேர் முன்னால் ஒரு மனுஷன் கேட்கவேண்டியிருந்தால் எழுந்து போய்விடுவான். அஷ்பாக் போகவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை கொஞ்சம் தணிந்திருந்தது. கீழே ரோட்டில் அண்ணாமலை நகர் டவுன் பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

"அப்ப அதையாவது காட்டணும்" என்றார் மெதுவாக. "வந்தவன் வந்தும் வராத மாதிரி நிக்கிறான்னு காட்டு, ஒத்துக்கறேன். இதுல வராதவனா நிக்கிறான். ரெண்டும் ஒண்ணு இல்ல."

முபீனா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரிதான். ரெண்டும் ஒண்ணு இல்ல." பிறகு, "தகடு இல்ல மச்சான். செதுக்கி முடிச்சிட்டேன். அச்ச மாத்த முடியாது" என்றாள்.

"தகடுதான இல்ல. கட்டறது என் கையில இருக்குதுல்ல."

ஆனால் எப்படிக் கட்டுவது? ஊசி பிள்ளை மேல் இறங்கக் கூடாது. பிள்ளை உள்ளே போகவும் கூடாது. தேவநாதன் தன் விசிறி மடிப்பைச் சொன்னான். விசிறி தொளதொளவென்று தொங்கும், பீரோவில் நிற்காது என்று அஷ்பாக் தள்ளிவிட்டார். தேவநாதனுக்குக் கோபம் வந்து கொஞ்ச நேரம் பேசாமல் சுளை தின்றான். வினோதினிதான் தன் பையிலிருந்து ஒரு குழந்தைப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இதுல ஊசியே கெடையாது பாருங்க. ஒரு விரிப்ப மடிச்சி, அதோட முதுகுல அடுத்த விரிப்பு முதுக ஒட்டறது. எல்லாமே ஒட்டுதான். மல்லாக்கத் தொறக்கும்."

"இது அட்டை. தாளுல முழுசா பசை தடவுனா சுருண்டுக்கும்."

"ஓரத்துல மட்டும் தடவுனா?" என்றேன் நான். காகிதத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். "வெளி ஓரத்துல ஒரு விரக்கடை. முதுகுப் பக்கம் மடிப்புக்கு வெளியில துணி வச்சி இன்னொரு ஒட்டு. இந்தத் தாளு தாங்கும்."

அதற்குள் அஷ்பாக்கின் கை வேலையில் இறங்கிவிட்டது. கட்டி முடித்த அந்த ஒரு பிரதியை எடுத்து, பிளேடால் நூலை வெட்டினார். நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. ரெக்சினைப் பிடித்து இழுத்து உரித்தார். அவ்வளவு ஆசையாகத் தடவிப் பார்த்து வாங்கிய ரெக்சின். எனக்குத்தான் வலித்தது, அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. தாள்கள் விடுபட்டு விரிந்தன. பிள்ளை வெளியே வந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ட்ரில் போட்ட துளைகள் வரிசையாக இருந்தன. உடம்பு மேலே ஒன்றும் படவில்லை.

முபீனா கீழேயிருந்து மைதா பசையைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள், மயில்துத்தம் போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க. பசை ஆறட்டும் என்று காத்திருந்தோம். அஷ்பாக் இரண்டு விரிப்பை எடுத்து, முதுகோடு முதுகு வைத்து, வெளி ஓரத்தைச் சமமாகத் தட்டினார். தட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார். அந்த இதழை முன்னால் திருப்பினார். பின்னால் திருப்பினார்.

"முபீனா, இங்க வா."

போனாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். ஒரு விரிப்பின் வலது ஓரமும் அடுத்த விரிப்பின் இடது ஓரமும் இப்போது ஒரே இதழ். இந்தப் பக்கம் ஆண் நிற்கிறான். திருப்பினால் அதே இடத்தில் பெண் நிற்கிறாள். தைத்தபோது இரண்டும் தனித்தனித் தாளாக விலகிக் கிடந்தது, கண்ணில் படவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒருவர் நிழல் இன்னொருவர் உடம்புக்குள் தெரிந்தது.

"இந்தாண்ட நானு, அந்தாண்ட நீ. ஒரே எதழு. மூஞ்சியும் மூஞ்சியும் பாத்துக்க முடியாது" என்றார். "நீ சொன்ன மாதிரிதான் இருக்குது. நான் சொன்ன மாதிரியும் இருக்குது."

முபீனா கண்ணை முக்காட்டு நுனியால் ஒற்றிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள். ஓரத்தில் ஒரே இழுப்பில் பசை தடவினாள். அவர் மேல் தாளை இறக்கினார். இரண்டு பேருமாக உள்ளங்கையால் அழுத்தினார்கள்.

"கடைசித் தாளு?" என்றாள். "அதுல நீங்க நிக்கிற ஓரத்துக்கு அந்தாண்ட யாரும் இல்லியே."

"அது அட்டையில ஒட்டிக்கும். அட்டை வூடுதான. வூட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன், போதும் எனக்கு" என்றார். பிறகு தேவநாதனைப் பார்த்து, "ரெக்சின் வேணாம்ப்பா. துணி போடறேன். ஆனா மெழுவு தேச்சித்தான் போடுவேன். ஈரத்துல நான் வுட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார். தேவநாதன் கோபம் தீர்ந்து ஒரு சுளையை நீட்டினான்.

மழை விட்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம். கீழே ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஆட்டோக்கள் ஊர்ந்தன. கடலூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தேவநாதனும் பலாத்தோலைப் பையில் கட்டிக்கொண்டு எழுந்தான். துண்டு மேஜையில் கிடந்தது. அதை எடுத்து முபீனாவிடம் நீட்டினான்.

"இங்கயே இருக்கட்டும்மா. அடுத்த மாசமும் வேணும்."

"எடுத்துட்டுப் போங்கண்ணே. இனிமே அது வேணாம்."

நூல் அறுத்த அட்டையையும் துளை விழுந்த தாள்களையும் பார்த்தாள். "இந்தப் பிரதி புதுச்சேரிக்குப் போவாது. பத்தொம்பதுதான்னு சொல்லிடறேன். இது இந்த ரூமுலயே இருக்கும். யாராவது அருமைன்னு சொன்னா எடுத்து கையில குடுத்துடுவேன்."

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நானும் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தேன். படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தமிழ்மணி சார் மட்டும் இறங்காமல் நின்றார். கீழேயிருந்து வினோதினி, "சார், பஸ்ஸு வருது" என்று கூப்பிட்டாள். அவர் ஒரு செருப்போடு நின்று ஷீட் கூரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி அறைக்குள் பார்த்தார்.

"இல்லம்மா முபீனா, நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா… அந்தக் கறுப்பு. எல்லாத் தாளுலயும் கறுப்பு கொஞ்சம் ஜாஸ்தியோன்னு எனக்கு."

அச்சு மாற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தகடு குப்பைக்கூடையில் கிடக்கிறது. இந்தப் புத்தகத்துக்கு அந்தப் பேச்சால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

முபீனா நான் மடக்கிய நாற்காலியைப் பிடுங்கி விரித்துப் போட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்" என்றாள். "உக்காந்து சொல்லுங்க."